கடலோரக் கற்சுவருக்குச் சிமெண்டா, சுண்ணாம்பா?

இஸ்தான்புல்லின் ஒர்த்தாகோய் பள்ளிவாசலை சுல்தான் அப்துல்மெஜித் 1850களில் போஸ்பரஸ் நீரிணையின் ஓரத்திலேயே கட்டினார். 1894 நிலநடுக்கத்தையும் 1984 தீயையும் கண்ட கட்டடம் அது. விரிசல் விட்ட செங்கல் குவிமாடத்தின் இடத்தில் இப்போது இருப்பது கான்கிரீட்.

இத்தகைய சுவரின் கல் சந்துகளைப் பூச, கொராசான் என்ற சுண்ணாம்புச் சாந்துதான் சரி. சிமெண்ட் சீக்கிரம் இறுகும். ஆனால் ஈரத்தை விடாது. ஈரம் கல் வழியே வெளியேறும்போது உப்பு உள்ளே படிகமாகி, கல்லைச் செதில் செதிலாக உரிக்கும். சிமெண்டைப் பெயர்த்தாலோ கல்லின் விளிம்பும் கூடவே வரும்.

கொராசான், சுண்ணாம்பும் செங்கல்தூளும் சேர்ந்தது. நம் சுர்க்கிக் கலவையின் உறவு. ஈரத்திலும் இறுகும், உப்பின் அரிப்பையும் தானே வாங்கிக்கொள்ளும். சந்து அகலத்தின் இரு மடங்கு ஆழத்துக்குப் பழைய சாந்தைக் கையுளியால் எடுத்து, நனைத்து, அடைத்து, ஈரச்சாக்கு போர்த்தவேண்டும். இறுகுமுன் உறைபனி விழுந்தால் உதிர்ந்துவிடும்.