ஆதி பௌத்தம் படிக்க: லமோத்தா, ஹிரகாவாவா, வார்டரா?

நிகாயங்களை, அதாவது புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூல்களை, ஓரளவு படித்து முடித்தவருக்கு அடுத்து எழும் கேள்வி, ஆதி பௌத்த சங்கம் பிளந்து உண்டானதாக மரபு சொல்லும் பதினெட்டுப் பிரிவுகள் எப்படி உருவாயின என்பது. அதற்குப் பலரும் கைகாட்டும் நூல்கள் இந்த மூவருடையவை.

எத்தியென் லமோத் பெல்ஜியப் பாதிரியார். 1958இல் பிரெஞ்சில் வந்த அவருடைய இந்திய பௌத்த வரலாறு 1988இல்தான் ஆங்கிலத்துக்கு வந்தது. பாலி, சமஸ்கிருதம், சீனம், திபெத்தியம், கல்வெட்டு எதையும் விடமாட்டார். தொடர்ச்சியாகப் படிக்க உட்கார்ந்தால் மூச்சு முட்டும்; தேவைப்படும்போது எடுத்துப் புரட்டத்தான் லாயக்கு.

ஜப்பானிய அறிஞர் அகிரா ஹிரகாவா அப்படியில்லை. 1990இல் பால் குரோனர் ஆங்கிலத்தில் தந்த அவருடைய நூலில் அத்தியாயங்கள் சின்னவை. சர்வாஸ்திவாதம், தேரவாதம் என்ற இரு பிரிவுகளும் அபிதர்மத்தை, அதாவது புத்தரின் போதனையை வகைப்படுத்தி விளக்கும் தத்துவத்தை, எப்படி வேறுவேறாகக் கட்டின என்பது தெளிவாகப் புரியும். முதலில் படிக்க என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் புத்தர் எப்போது வாழ்ந்தார் என்பதிலேயே லமோத்தும் ஹிரகாவாவும் முட்டிக்கொள்கிறார்கள். பரிநிர்வாணத்துக்கு (புத்தரின் மறைவுக்கு) 218 ஆண்டு கழித்து அசோகர் முடிசூடினார் என்பது இலங்கை நூல்களின் கணக்கு. லமோத் அதை வைத்து பரிநிர்வாணம் கி.மு. 486இல் என்கிறார். ஹிரகாவா பின்பற்றும் வடமரபில் (வடஇந்தியாவிலிருந்து வந்த சமஸ்கிருத, சீன நூல்களில்) இந்த இடைவெளி நூறு ஆண்டுச் சொச்சம்தான். வெறும் தேதிச் சண்டை இல்லை இது. குறுகிய கணக்கை ஏற்றால் பிரிவுகள் கிளைத்த கதையில் பெரும்பகுதி அசோகருக்குப் பின்னால் நகர்ந்துவிடும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை: மகாயானம் ஸ்தூபிகளைச் சுற்றிய இல்லறத்தாரிடம் பிறந்தது என்ற ஹிரகாவாவின் வாதத்தை இன்று பலர் ஏற்பதில்லை. பௌத்த ஆய்வாளர் கிரகரி ஷோப்பன் கல்வெட்டுகளை வைத்தே அதைக் கேள்விக்குள்ளாக்கினார்.

ஏ.கே. வார்டரின் 1970ஆம் ஆண்டு நூல் தந்திரயானம் வரை போகிறது. பல பிரிவுகளின் திரிபிடகங்கள் (புனித நூல் தொகுதிகள்) ஒத்துப்போகும் இடமே பழையது என்பது அவர் நம்பிக்கை. பிற்காலத்தில் ஒன்றையொன்று பார்த்துச் சமன்செய்திருக்கலாமே என்று ஷோப்பன் இங்கேயும் குறுக்கே வருகிறார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஆய்வாளரான பிக்கு ஆனாலயோ 2011இல் மஜ்ஜிம நிகாயத்தை, அதற்கு இணையான சீன ஆகமங்களோடு (சீன மொழிபெயர்ப்பில் உள்ள உரைத் தொகுப்புகளோடு) சூத்திரம் சூத்திரமாக ஒப்பிட்டதைப் பார்த்தால், ஒத்துப்போவது எல்லாவற்றையும் அப்படித் தள்ளிவிட மனம் வரவில்லை.

மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. பிரிட்டிஷ் நூலகத்துக்கு 1994இல் காந்தாரத்துப் பூர்ஜ மரப்பட்டைச் சுவடிச் சுருள்கள் வந்து சேருமுன்பே இவை எழுதப்பட்டுவிட்டன. தர்மகுப்தகர் என்ற பிரிவின் பெயர் பொறித்த பானையோடு தொடர்புடைய அந்தச் சுருள்களைப் பற்றி ரிச்சர்ட் சாலமன் 1999இல் எழுதிய நூலை ஹிரகாவா முடிந்த கையோடு எடுத்துவிடுங்கள்.