பாதி சம்பளத்த மூஞ்சில பூசிக்கிட்டேன், தயவுசெஞ்சு நீங்க பூசாதீங்க

இத டைப் பண்றப்பவே ரெண்டு கன்னமும் திகுதிகுன்னு எரியுது, அதனால எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. நேத்து நைட்டு வரைக்கும் இத யார்கிட்டயும் சொல்ற எண்ணமே இல்ல, அவ்ளோ அவமானமா இருந்துச்சு. ஆனா நேத்து நைட்டு என் வீட்டுக்காரர் போன்ல ஒரு விளம்பரம் வந்துச்சு, அதப் பார்த்ததும் தூக்கம் போச்சு. அது என்னன்னு கீழ சொல்றேன். டாக்டர் சொன்ன ரொட்டீனையும் கடைசில வரிசையா எழுதுறேன், பொறுமையா படிங்க.

எனக்கு பரு காலேஜ் வயசுல ஆரம்பிச்சது, கல்யாணம் ஆனா போயிடும்னாங்க, குழந்தை பிறந்தா போயிடும்னாங்க, ஒண்ணும் போகல. பருவ விட அது விட்டுட்டுப் போன கரும்புள்ளிதான் பெரிய தலைவலி. ரெண்டு கன்னத்துலயும் தாடைல ஓரமாவும் திட்டுத் திட்டா. போட்டோ எடுக்கறப்ப ஒரு பக்கமா திரும்பி நிக்கிறது பழக்கமாவே ஆயிடுச்சு.

மூணு மாசம் முன்னாடி, ஆன்லைன்ல இந்த "ஸ்கின் கன்சல்ட்டேஷன்" பண்றோம்னு வர்ற பக்கம் ஒண்ணு, பேர் போடல, போட்டா எனக்குத்தான் பிரச்சனை, ஆனா இந்த மாதிரி பக்கம் ஒண்ணு ரெண்டு இல்ல. போட்டோ அனுப்புங்க ஃப்ரீயா அனலைஸ் பண்றோம்னு போட்டிருந்தாங்க. அனுப்பினேன். நூத்துக்கு 41 மார்க், உங்க தோலோட வயசு உங்க வயச விட 9 வருஷம் அதிகம்னு ஒரு ரிப்போர்ட் வந்துச்சு. இப்ப யோசிச்சா சிரிப்பு வருது, மேக மூட்டமா இருந்த நாள்ல ஜன்னல் ஓரமா நின்னு எடுத்த போட்டோ அது, அதுல தோலுக்கு வயசு எப்படிங்க தெரியும்? அன்னைக்கு சிரிப்பு வரல, பயம்தான் வந்துச்சு.

அந்த ரிப்போர்ட்ட நம்பி நான் வாங்கல, உண்மைய சொல்றேன். அன்னைக்கு நைட்டு பதினோரு மணிக்கு ஒரு பொண்ணு வாய்ஸ் மெசேஜ் அனுப்புச்சு. "அக்கா, எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, ரூம்ல இருக்கற கண்ணாடிய சுவத்துப் பக்கம் திருப்பி வச்சிருப்பேன், உங்க கஷ்டம் எனக்குத் தெரியும்க்கா"ன்னு. அந்தக் குரல்ல லேசா அழுகை வேற. என் ரூம்லயும் கண்ணாடி அப்படித்தான் இருந்துச்சு. அத நான் என் வீட்டுக்காரர்கிட்ட கூட காரணம் சொன்னதில்ல, இடம் பத்தலன்னு சொல்லி சமாளிச்சிருந்தேன். அந்த ஒரு வரில விழுந்துட்டேன். அவங்க விக்கற கிட்டோட விலைய கேட்டேன், என் மாச சம்பளத்துல சரிபாதி. சரிபாதிங்க! 21 நாள்ல பரு, கரும்புள்ளி, குழி எல்லாமே கிளியர்னு எழுதியே குடுத்தாங்க. யோசிக்கறேன்னு சொன்னேன். "நாளைக்கு இந்த ஆஃபர் இருக்காதுக்கா, உங்களுக்காக நானே மேனேஜர்கிட்ட பேசி வச்சிருக்கேன்"ன்னுச்சு. பாவம் நமக்காக பேசியிருக்கேன்னு நெனச்சு பணத்த போட்டேன். பாதி சம்பளம், ஒரே அமுக்குல.

கிட் வந்துச்சு, அஞ்சு பாட்டில். ஃபேஸ்வாஷ், மூக்குக்கிட்ட கொண்டுபோனாலே ஸ்பிரிட் வாடை அடிக்கிற டோனர், மணல் மாதிரி ஒரு ஸ்க்ரப், ஒரு விட்டமின் சி சீரம், அப்புறம் சின்ன வெள்ளை டப்பால ஒரு நைட் க்ரீம். சீரம் பிரிக்கறப்பவே டீ டிகாஷன் கலர்ல இருந்துச்சு. கேட்டதுக்கு அது நேச்சுரல் கலர்னாங்க. காத்து பட்டு ஆக்சிடைஸ் ஆகி வேலைக்கு ஆகாம போன விட்டமின் சி தான் அந்தக் கலருக்கு வரும்னு இப்பதான் தெரியுது. அந்த வெள்ளை டப்பால பேர் மட்டும்தான் இருந்துச்சு, என்னென்ன போட்டிருக்காங்கன்னு ஒரு வரி கிடையாது, பேட்ச் நம்பர் கிடையாது, தயாரிச்ச தேதி கிடையாது. கேட்டேனே! கேட்காம இல்ல. "அது எங்க சீக்ரெட் ஃபார்முலாக்கா, வெளிய சொன்னா காப்பி அடிச்சிடுவாங்க." நானும் மண்டைய ஆட்டினேன்.

இப்ப முக்கியமான விஷயம். அந்த க்ரீம் வேலை செஞ்சுச்சு. ஆமா, செஞ்சுச்சு, அதான் இதுல இருக்கற விஷமே. நாலாவது நாள் பரு அமுங்குச்சு, ஒரு வாரத்துல சிவப்பு போச்சு, பன்னெண்டாவது நாள் மூஞ்சி பளிங்கு மாதிரி. ஆபீஸ்ல என்ன பண்ணேன்னு கேட்காத ஆளில்ல. நான் சந்தோஷத்துல செல்ஃபி எடுத்து அந்தப் பொண்ணுக்கு அனுப்பினேன், நாலு வரி பாராட்டி எழுதியும் குடுத்தேன். கூட வேலை பார்க்கற ஒரு தங்கச்சி, அவளுக்கும் பரு, என்னப் பார்த்துட்டு அவளும் அதே கிட் வாங்கினா. இத எழுதும்போது நெஞ்சு அடைக்குது.

நாப்பதாவது நாள் டப்பா காலி. க்ரீம் மட்டும் தனியா கேட்டேன், தனியா தரமாட்டோம் முழு கிட்டா தான்னாங்க. சரி சம்பளம் வரட்டும்னு விட்டேன். ஆறு நாள்தான். ஏழாவது நாள் காலைல எழுந்தா மூஞ்சி தக்காளி மாதிரி சிவந்து வீங்கி இருக்கு, தண்ணி பட்டா எரியுது, வெயில்ல நின்னா எரியுது, முன்னாடி பருவே வராத நெத்தில எல்லாம் ஒரே சைஸ்ல பொடிப் பொடியா நூறு. அந்தத் தங்கச்சிகிட்ட மீதி இருந்த க்ரீம ஒரு நாள் வாங்கிப் போட்டேன், காலைல அமுங்கிடுச்சு. விட்டேன், மறுபடி கிளம்பிடுச்சு. அப்பதான் வயித்த கலக்குச்சு.

மெசேஜ் போட்டேன். முதல் பதில்: "இது பர்ஜிங்க்கா, உள்ள இருக்கற டாக்ஸின் எல்லாம் வெளிய வருது, நல்ல சைன்!" பர்ஜிங் புது மருந்து ஆரம்பிச்ச புதுசுல தானம்மா வரும், நிறுத்தின பிறகு எப்படி வரும்னு கேட்டேன். ரெண்டு நாள் பதில் இல்ல. அப்புறம் வேற ஒரு பேர்ல ஒருத்தர், "ரொட்டீன ஸ்கிப் பண்ணியிருப்பீங்க மேம்". அக்கா போயி மேம் வந்துடுச்சு பாருங்க. பணத்த திருப்பிக் கேட்டேன். "சீல் உடைச்ச பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது மேம்." சீல் உடைக்காம மூஞ்சில எப்படிப்பா போடுறது? அடுத்து, உங்க கம்ப்ளைன்ட்ட சீனியர் டீமுக்கு அனுப்பியிருக்கோம், 48 மணி நேரம் டைம் குடுங்கன்னாங்க. 48 மணி நேரம் கழிச்சு சீனியர் டீம்கிட்ட இருந்து வந்த பதில் என்ன தெரியுமா? "ஸ்கின் ரிப்பேர் கிட்"னு ஒண்ணு இருக்காம், எனக்கு மட்டும் 20 சதவீதம் தள்ளுபடியாம். கடிச்ச பாம்பே வந்து மருந்து விக்குது. நான் பாதி சம்பளத்த குடுங்கன்னு பெரிய எழுத்துல போட்டேன், பிளாக் பண்ணிட்டாங்க.

தோல் டாக்டர்கிட்ட போனேன், இத மூணு மாசம் முன்னாடி செஞ்சிருந்தா அந்தப் பணத்துல பத்துல ஒரு பங்கு கூட ஆகியிருக்காது. அந்தம்மா என் மூஞ்சியப் பார்த்துட்டு கேட்ட முதல் கேள்வியே, "பேர் இல்லாத க்ரீம் ஏதாவது போட்டீங்களா?" டப்பாவ காட்டினேன். இது ஸ்டீராய்டு போட்டு பழகின மூஞ்சி மாதிரி இருக்குன்னாங்க. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் மாதிரி ஸ்டீராய்ட கலந்து விக்கறவங்க நிறைய பேராம். அது ரத்தக்குழாய சுருக்கி, வீக்கத்தையும் சிவப்பையும் அமுக்கிடும், அதனாலதான் நாலு நாள்ல மாயம் மாதிரி தெரியுது. தோலு அதுக்கு பழகிடும், நிறுத்தினா எல்லாம் ரெட்டிப்பா திரும்பி வரும். ரொம்ப நாள் போட்டா தோலு மெலிஞ்சு, ரத்தக்குழாய் வெளிய தெரிய ஆரம்பிச்சு, மூஞ்சில முடி கூட முளைக்குமாம். டாக்டர் பார்த்து எழுதிக் குடுக்கற ஸ்டீராய்டு வேற கதை, அத எவ்ளோ நாள் எந்த இடத்துலன்னு கணக்கோட குடுப்பாங்க. வெளுக்க வைக்கற க்ரீம்னா மெர்குரி, அதான் பாதரசம், அந்த பயமும் இருக்குன்னு சொல்லி யூரின் டெஸ்ட் எழுதினாங்க, அது கிட்னிய பாதிக்குமாம். பாதரசத்த கட்டுப்படுத்த 2013ல உலக நாடுகள் போட்ட மினமாட்டா ஒப்பந்தத்துலயே ஒரு பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்துல ஒரு பங்குக்கு மேல மெர்குரி இருக்கற அழகு க்ரீம தடை பண்ண சொல்லியிருக்காங்க, இருந்தும் விக்கறாங்களாம். நல்லவேளை எனக்கு ரிசல்ட் நார்மல்.

அப்புறம் அஞ்சு பாட்டிலயும் டேபிள்ல வரிசையா வச்சுப் பார்த்துட்டு, "கரும்புள்ளிக்குன்னு குடுத்திருக்காங்க, இதுல சன்ஸ்க்ரீன் எங்க?"ன்னு கேட்டாங்க. எனக்கு சுருக்குன்னுச்சு. பாதி சம்பளத்துக்கு அஞ்சு பாட்டில், அதுல சன்ஸ்க்ரீன் இல்ல! வெயில் பட்டா பழைய புள்ளி இன்னும் கறுக்கும், அது இல்லாம மத்தது எது போட்டாலும் ஓட்டப் பானைல தண்ணி ஊத்தற கதைதானாம்.

தழும்பு எல்லாமே ஒண்ணு இல்லைன்னும் அங்கதான் தெரிஞ்சுது. பழுப்பா கறுப்பா இருக்கறது மெலனின், பரு ஆறின இடத்துல தோலு சாயத்த கூடுதலா கொட்டி வச்சிருக்கு, அது மெதுவா மங்கும், மாசக்கணக்காகும். சிவப்பா இருக்கறது ரத்தக்குழாய் சமாச்சாரம், அதுக்கு வெளுக்கற க்ரீம் எதுவும் பண்ணாது. குழி இருக்கு பாருங்க, அது தோலுக்குள்ள திசுவே கொறைஞ்சு போனது, க்ரீம் எதுவும் அத ரொப்பாது, அதுக்கு லேசர், பொடி ஊசியால குத்தற மைக்ரோநீட்லிங் மாதிரி சிகிச்சைதான். எனக்கு மூணுமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கு. மூணையும் ஒரே டப்பால 21 நாள்ல சரி பண்றேன்னு எழுதிக் குடுத்தாங்களே, அந்த 21ங்கற நம்பரப் பார்த்தே நான் ஓடியிருக்கணும்.

சரி ரொட்டீன். எழுதறேன்னு சொன்னேன், ஆனா எரிச்சல்ல கை ஓடல, சுருக்கமா சொல்லிடறேன். எனக்கு இப்போதைக்கு நுரை கம்மியா வர்ற ஒரு ஃபேஸ்வாஷ், வாசனை இல்லாத ஒரு மாய்ஸ்சரைசர், காலைல எஸ்பிஎஃப் 30க்கு மேல சன்ஸ்க்ரீன் ரெண்டு விரல் நீளத்துக்கு, அவ்ளோதான். தோலு ஆறின பிறகு நைட்டு மட்டும் பருவுக்குப் போடற அடபலீன்ங்கற மருந்து 0.1% பட்டாணி அளவு, மொதல்ல வாரம் ரெண்டு நாள். புள்ளிக்கு அசெலாயிக் ஆசிட் அப்புறமா பார்க்கலாம்னாங்க. எதுவா இருந்தாலும் பலன் தெரிய எட்டுலருந்து பன்னெண்டு வாரம். கர்ப்பமா இருக்கறவங்க அடபலீன் போடக்கூடாது, டாக்டர கேட்காம எதையும் தொடாதீங்க. பருவுக்குப் போடற பென்சாயில் பெராக்சைடு வாங்கறதுன்னா 2.5 சதவீதமே போதும், 10 சதவீதம் வாங்கினா எரிச்சல்தான் கூடும், அது தலகாணி உறையையும் வெளுத்துடும். பரு மேல ஸ்க்ரப் தேய்க்காதீங்க. புதுசா எது வாங்கினாலும் காதுக்குக் கீழ ரெண்டு மூணு நாள் போட்டுப் பாருங்க. உள்ள என்ன இருக்குன்னு எழுதாத டப்பாவ வீட்டுக்குள்ளயே விடாதீங்க. ஏற்கனவே அந்த மாதிரி க்ரீம் ரொம்ப நாளா போடுறவங்க என்ன மாதிரி திடீர்னு நிறுத்திட்டு வீட்ல உட்காராம, டப்பாவோட டாக்டர்கிட்ட போங்க.

அந்தத் தங்கச்சிகிட்ட போய் மன்னிப்பு கேட்டேன், அவளையும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகப் போறேன். அவ என்னத் திட்டல, போன எடுத்து அவளுக்கு வந்த வாய்ஸ் மெசேஜ போட்டுக் காட்டினா. "அக்கா"வுக்கு பதிலா "டியர்", மத்தபடி அதே குரல், அதே அழுகை. ரூம்ல இருக்கற கண்ணாடிய சுவத்துப் பக்கம் திருப்பி வச்சிருப்பேன்.

நேத்து நைட்டு வந்த விளம்பரம் என்னன்னு கேட்டீங்கன்னா, அது நான்தான். பன்னெண்டாவது நாள் நானே எடுத்து அனுப்பின செல்ஃபி, மேல "21 நாளில் நிஜ மாற்றம்"னு பட்டை போட்டு, கீழ நான் எழுதின நாலு வரி. என்ன பிளாக் பண்ணிட்டு என் மூஞ்சிய வச்சு வித்துட்டு இருக்காங்க. வீட்டுக்காரர் போன்ல இருந்து மூணு தடவ ரிப்போர்ட் பண்ணியாச்சு, விதிமுறைய மீறலன்னு பதில் வருது. மஞ்ச கலர் டாப்ஸ், இடது பக்கம் ஜன்னல், பல்லு தெரிய சிரிச்சுட்டு இருப்பேன். உங்க போன்ல வந்தா நீங்களும் ரிப்போர்ட் அடிங்க.