அன்பைச் சொல்லும் படப் புத்தகங்கள்: எது குழந்தைக்கு, எது நமக்கு?

அட்டையில் ஓர் இதயத்தை வரைந்து, இரண்டு கரடிகளைக் கட்டிப்பிடிக்க வைத்துவிட்டால் புத்தகம் விற்றுவிடும். வாங்குவது பெரியவர்கள்தானே. ஆனால் "நீதான் என் நிலா, நீதான் என் உலகம்" என்று பக்கம் பக்கமாக வாசித்தால் மூன்று வயதுக் குழந்தை நாலாம் பக்கத்திலேயே மடியை விட்டு இறங்கி ஓடிவிடும். அந்த வயதில் அன்பு என்பது கண்ணால் பார்க்கிற காரியம்: தூக்குவது, தேடி வருவது, கோபப்பட்ட பிறகும் பக்கத்திலேயே இருப்பது. அந்தக் காரியம் படத்தில் இருக்கிறதா என்றுதான் கீழே உள்ளவற்றைப் பார்த்திருக்கிறோம். எல்லாம் ஆங்கிலப் புத்தகங்கள். வீட்டில் தமிழில் சொல்லி வாசிக்க எப்படி வருகிறது என்பதையும் சேர்த்திருக்கிறோம்.

முதலில் 'கெஸ் ஹவ் மச் ஐ லவ் யூ'. சாம் மெக்பிராட்னி எழுதி அனிடா ஜெராம் படம் வரைந்தது, 1994. தூங்கப் போகும் குட்டி முயல் தன் ஆசையை அளந்து காட்டுகிறது: கையை விரிக்கிறது, எட்டிக் காட்டுகிறது, தலைகீழாக நின்று காலை மரத்தில் நீட்டுகிறது, குதிக்கிறது. அளவு எல்லாமே உடம்பில் இருப்பதால் இரண்டு வயதுக் குழந்தைக்கும் விளங்கிவிடும். தமிழில் சொல்லும்போது 'நேசிக்கிறேன்' மட்டும் வேண்டாம்; எந்த வீட்டிலும் யாரும் அப்படிப் பேசுவதில்லை, குழந்தைக்கு அது பாடப்புத்தகக் குரலாகவே கேட்கும். "உன்மேல எனக்கு எவ்ளோ ஆசை தெரியுமா?" என்று கேட்டு, "இவ்ளோ!" என்று கையை விரித்தால் போதும். நம் பேச்சில் 'இவ்ளோ' என்ற சொல்லே கையோடு சேர்ந்துதான் வரும், அதனால் இந்தப் புத்தகம் ஆங்கிலத்தைவிடத் தமிழில் நன்றாக உட்காருகிறது.

குறை ஒன்று உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் பெரிய முயலே ஜெயிக்கிறது, அதற்குத்தான் கை நீளம். சில குழந்தைகள் இதில் முகம் வாடிப்போகும். இரண்டாம் வாசிப்பிலிருந்து குழந்தையைப் பெரிய முயலாக்கி, நீங்கள் குட்டியாகிவிடுங்கள். இன்னொரு சிக்கல் படுக்கையில் வரும். படுத்துக்கொண்டே வாசித்தால் கையை விரிக்க முடியாது, புத்தகத்தில் பாதி போய்விடும். நிலா வரும் பக்கம்வரை உட்கார்ந்து வாசித்து, பிறகு படுங்கள். கடைசி வரியைக் குட்டி தூங்கிய பிறகு பெரிய முயல் காதோரமாகச் சொல்கிறது. நீங்களும் குரலை அவ்வளவுக்குத் தாழ்த்த வேண்டும்.

'தி ரன்அவே பன்னி' 1942இல் வந்தது. எழுதியவர் மார்கரெட் வைஸ் பிரவுன், படங்கள் கிளெமென்ட் ஹர்ட். ஓடிப்போவேன் என்று முயல்குட்டி மிரட்டுகிறது: மீனாவேன், மலைமேல் பாறையாவேன், பறவையாவேன். அம்மா ஒவ்வொன்றுக்கும் வேறொன்றாகி வருகிறாள். மீனைப் பிடிக்கக் கேரட்டைத் தூண்டிலில் கட்டிக்கொண்டு ஓடையில் நிற்கிறாள். கறுப்பு வெள்ளைப் பக்கங்களில் எழுத்து இருக்கிறது. அடுத்து விரியும் வண்ணப் பக்கங்களில் ஒரு சொல்கூட இல்லை. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: வாசிக்க எதுவுமில்லை என்று அந்தப் பக்கத்தைச் சட்டென்று புரட்டிவிடுகிறார்கள். அந்தப் பக்கம் முழுக்கக் குழந்தைக்குரியது. மனதுக்குள் பத்து எண்ணும்வரை பேசாமல் இருங்கள். மரத்தின் வடிவத்தில் அம்மா நிற்பதைக் குழந்தை தானே கண்டுபிடிக்கும். இந்த அம்மா பிள்ளையை விடவே மாட்டேனென்கிறாளே என்று சில பெரியவர்களுக்கு மூச்சு முட்டுவது நியாயம்தான். மூன்று வயதுக்கு அது கண்ணாமூச்சி. ஆறு வயதில், தனியாக எதையாவது செய்து பார்க்கத் துடிக்கும் பிள்ளைக்கு இதைக் கொடுக்காதீர்கள்.

நாலு வயதுக்கு ஒன்றே ஒன்று வாங்குவதானால் 'மாமா, டு யூ லவ் மீ?' (1991, பார்பரா ஜூஸ் எழுத்து, பார்பரா லவாலீ ஓவியம்). ஆர்க்டிக் பகுதியில் வாழும் ஒரு சிறுமி அம்மாவைக் கேள்வியால் துளைக்கிறாள். முட்டையைக் கீழே போட்டு உடைத்தால்? விளக்கில் தண்ணீரை ஊற்றினால்? 'பரவாயில்லை கண்ணே' என்று அந்த அம்மா மழுப்புவதில்லை. வருத்தப்படுவேன், கோபப்படுவேன், பயப்படுவேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, அப்போதும் நீ எனக்கு வேண்டியவள்தான் என்கிறாள். கோபமும் பாசமும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்பதை இத்தனை எளிதாகக் காட்டும் புத்தகம் குறைவு. அங்குள்ள விலங்குகளின், உடைகளின் பெயர்கள் கடைசிப் பக்கங்களில் விளக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை முன்பே பார்த்துவைத்தால் நடுவில் தடுமாற்றம் இருக்காது. திட்டிய கையோடு இதை எடுத்து வாசிக்காதீர்கள். குழந்தை அதைத் தண்டனையின் மிச்சம் என்று எடுத்துக்கொள்ளும். கோபமெல்லாம் ஆறின வேறொரு நாளில் வாசியுங்கள்.

பிரிவுக்கு இரண்டு. 'அவுல் பேபீஸ்' (1992, மார்ட்டின் வாடெல், பாட்ரிக் பென்சன்) மூன்று ஆந்தைக் குஞ்சுகள் இரவில் அம்மாவைக் காணாமல் காத்திருக்கும் கதை. சின்னது சொல்வது ஒரே வரி: "எனக்கு அம்மா வேணும்!" அதைக் குழந்தையிடம் விட்டுவிடுங்கள். அழுதுவிடுமோ என்று காத்திருக்கும் பக்கங்களைத் தாண்டினால், அம்மா திரும்பி வருவதில் உள்ள நிம்மதி கிடைக்காது. இருட்டுக்குப் பயப்படும் பிள்ளைக்கு முதல் தடவை பகலில் வாசிக்கலாம். ஆட்ரி பென் எழுதிய 'தி கிஸ்ஸிங் ஹாண்ட்' (1993) பள்ளிக்குப் போகத் தயங்கும் ரக்கூன் குட்டியைப் பற்றியது. அம்மா உள்ளங்கையில் முத்தம் வைக்கிறாள். வேண்டும்போது குட்டி அதைக் கன்னத்தில் ஒற்றிக்கொள்ளலாம். ஓவியங்கள் சுமார்தான், ஆனால் அந்தச் செய்கை வேலை செய்கிறது. முதல் நாள் பள்ளி வாசலில் போய் ஆரம்பிக்காமல், ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் பழக்குங்கள். கை கழுவினால் முத்தம் போய்விடுமா என்று கேட்கும். போகாது என்ற பதில் கதையிலேயே இருக்கிறது.

'சோ மச்' (1994, ட்ரிஷ் குக், ஹெலன் ஆக்ஸன்பரி) கதையில் அத்தை, மாமா, பாட்டி, மற்ற சொந்தங்கள் என்று ஆள் மாற்றி ஆள் வந்து குழந்தையை அள்ளிக் கொஞ்சுகிறார்கள். கடித்துத் தின்றுவிடலாம் போலிருக்கிறது என்கிற நம் கொஞ்சல் அப்படியே இதில் இருக்கிறது. சத்தம் போட்டு வாசிக்க வேண்டிய புத்தகம், தூங்கும் நேரத்துக்கு ஆகாது.

ராபர்ட் மன்ஷின் 'லவ் யூ ஃபாரெவர்' (1986) எல்லாப் பட்டியலிலும் வரும். இறந்தே பிறந்த தம் இரண்டு குழந்தைகளின் நினைவில் பிறந்த பாட்டிலிருந்து மன்ஷ் எழுதியது. படிக்கும் பெரியவர் அழுதுவிடுவார். குழந்தைக்கோ, அம்மா ஏணி வைத்து வளர்ந்த மகனின் சன்னலில் ஏறுவது வேடிக்கையாகவும், வயதான அம்மா தளர்ந்துபோவது கலக்கமாகவும் இருக்கும். புதிதாகப் பெற்றோரானவர்களுக்குப் பரிசாகக் கொடுங்கள்; குழந்தையின் அலமாரிக்கு இது வேண்டாம்.

இரண்டு வயதுக்குக் கீழே என்றால் முனை மழுங்கிய கெட்டி அட்டைப் பதிப்பு. தாள் பதிப்பு ஒரு வாரம் தாங்காது. ஆனால் அட்டைப் பதிப்பாகச் சுருக்கும்போது சிலவற்றில் படத்தின் ஓரத்தை வெட்டுகிறார்கள், வரிகளையும் குறைக்கிறார்கள். வாங்குமுன் தாள் பதிப்போடு வைத்துப் பக்கங்களை எண்ணிப் பாருங்கள்.