சான்ட்ரோ டைமிங் பெல்ட் கிட்: வீட்டு பார்க்கிங்லயே மாத்துனேன், அஞ்சுக்கு நாலு

டப்பா மேல "கிட்"னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான், உள்ள இருக்கறது ரெண்டே ரெண்டு சாமான். ஒரு பெல்ட்டு, அத தொய்யாம இழுத்துப் புடிக்கற டென்ஷனர் பேரிங் ஒண்ணு. இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நான் மாட்டிக்கிட்டதே இந்த இடத்துலதான். பெல்ட்டு தரத்துல குறை சொல்ல ஒண்ணும் இல்ல, ஆனா கிட்டுங்கற வார்த்தைய நம்பி ஞாயித்துக்கிழம காலைல வண்டிய பிரிச்சுப் போட்டா சாயந்தரம் தலைல கைய வச்சிக்கிட்டு உக்காருவீங்க. பிராண்ட் பேரு போடல, போட்டா காசு வாங்கிட்டு எழுதறான்னு ஒரு கூட்டம் கிளம்பும்.

வண்டி 2009 சான்ட்ரோ ஜிங், அப்பா ரிட்டயர் ஆன காசுல வாங்குனது. நம்ம இருங்காட்டுக்கோட்டைல செஞ்ச வண்டி, 1086 சிசி பெட்ரோல், இன்னைக்கும் ஏசி போட்டுட்டு வண்டலூர் மேம்பாலம் ஏறுது. ஓடுனது என்னவோ 71,000 கிலோமீட்டர்தான், ஆனா சர்வீஸ் பில்லு ஃபைல் முழுக்க புரட்டுனதுல டைமிங் பெல்ட் மாத்துன பில்லு எங்கயுமே இல்ல. அப்பாகிட்ட கேட்டா "எல்லாம் மாத்தியிருப்பான்டா"ன்னாரு. அந்த "இருப்பான்"ல தான் எனக்கு வயித்துல புளி கரைச்சுது. இந்த பெல்ட்டு ரப்பரு, ஓடுனா மட்டும் தேயற சாமான் இல்ல, சும்மா நின்னாலும் வயசாகும். அதனாலதான் கிலோமீட்டர் கணக்கோட வருஷக் கணக்கும் பார்க்கணும்னு சொல்றது.

ஏன் இவ்ளோ பயம்னு கேட்டா, கீழ பிஸ்டனோட சேந்து சுத்தற தண்டு, அதான் கிராங்க், ரெண்டு சுத்து சுத்துனா மேல வால்வ திறக்கற தண்டு, அதான் கேம், ஒரு சுத்து சுத்தணும், அந்தக் கணக்க புடிச்சு வச்சிருக்கறதே இந்த பல்லு வச்ச பெல்ட்டுதான். ஓடும்போது அது அந்து போச்சுன்னா கேம் நின்னுடும், வால்வுங்க சிலது திறந்தபடியே நிக்கும், பிஸ்டன் மட்டும் வேகத்துல மேல வந்து நேரா அதுல மோதும். சான்ட்ரோல இது நடந்தா வால்வு வளைஞ்சிரும், ஹெட்ட (வால்வுங்க உக்காந்திருக்க இன்ஜின் மேல் பாகம்) இறக்கணும், பழைய வண்டிக்கு அந்தச் செலவு பண்றதா வேணாமான்னு வீட்ல பட்டிமன்றமே நடக்கும். செயின் போட்ட இன்ஜின்னா இந்தத் தலைவலி கம்மி. ஐ10 வச்சிருக்கவங்க கொஞ்சம் கவனிங்க, அதுல 1.2 கப்பா இன்ஜின்னா செயின், 1.1 இன்ஜின்னா நம்ம சான்ட்ரோ குடும்பம், பெல்ட்டுதான்.

பக்கத்து ஒர்க்‌ஷாப்ல கேட்டேன், சாமான் கூலி எல்லாம் சேத்து 5,500 சொன்னாங்க. நியாயமான ரேட்டுதான், நான் குறை சொல்லல. ஆனா லாக்டவுன்ல வாங்கிப் போட்ட ஸ்பானர் செட்டு ஒண்ணு கட்டிலுக்கு அடில தூங்கிட்டு இருந்துச்சு, கை அரிச்சுது.

முதல்ல ஆன்லைன்ல ஒரு செல்லர்கிட்ட ஆர்டர் போட்டேன், 1,200 ரூபா, சீப்பா கிடைச்சுதுன்னு குஷி. வந்து பிரிச்சா டப்பா பிரிண்ட்டே மங்கலா இருக்கு, பெல்ட்டு முதுகுல இருக்க எழுத்து கட்டை விரல்ல எச்சி தொட்டு தேச்சா அழியுது. பல்லு இடுக்குல ரப்பர் பிசிறு வேற. ரிட்டர்ன் போட்டேன், எடுத்துக்கிட்டாங்க, அந்த மட்டும் சரி. ஆனா இதெல்லாம் தெரியாம மாட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா பக்குனு இருக்கு. வேற எதுல வேணா காசு மிச்சம் பிடிங்க, இதுல வேணாம்.

அப்புறம்தான் ஜி.பி. ரோடு போனேன். சென்னைக்காரங்களுக்கு சொல்ல வேணாம், மவுண்ட் ரோட்டுல இருந்து திரும்புனா ரெண்டு பக்கமும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைதான். ஒரு சின்ன கடை, உள்ள நாலு பேரு நின்னா மூச்சு முட்டும், கல்லால ஒரு பெரியவர். மாடலு வருஷமெல்லாம் நான் சொல்லச் சொல்ல காதுலயே வாங்கல, "சேசிஸ் நம்பர் சொல்லுங்க தம்பி"ன்னாரு. ஆர்சி போட்டோவ காட்டுனேன், ரெண்டு நிமிஷத்துல டப்பா வந்துருச்சு. 1,850 ரூபா, பில்லோட. கொடுத்துட்டு "ஆயில் சீலு ரெண்டும் எடுத்துக்குங்க, கிராங்குக்கு ஒண்ணு கேமுக்கு ஒண்ணு, கைல இருக்கட்டும்"னாரு. அந்தத் தண்டு ஓரத்துல ஆயிலு கசியாம தடுக்கற ரப்பர் வளையம்தான் அது. நான் என்ன நெனச்சேன், சரி மனுஷன் யாவாரம் பாக்கறாருன்னு "இருக்கட்டும்ணே, வண்டில லீக் ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லிட்டு கெளம்பிட்டேன். அவரும் சிரிச்சிக்கிட்டே பில்லு கிழிச்சு குடுத்தாரு.

ஞாயித்துக்கிழம காலைல ஏழு மணிக்கு ஆரம்பிச்சோம். துணைக்கு பொண்டாட்டியோட தம்பி. பேட்டரி நெகட்டிவ கழட்டி, டிரைவர் பக்க முன் வீல கழட்டி, ஸ்டாண்டுல நிக்க வச்சு (ஜாக்கிய மட்டும் நம்பி கீழ கைய விடாதீங்க), வெளிய இருக்க பெல்ட்டு எல்லாம் எடுத்து, ஸ்பார்க் பிளக்கும் கழட்டிட்டேன், அப்பதான் இன்ஜின கையால சுத்தும்போது லேசா இருக்கும். இது வரைக்கும் பாட்டு கேட்டுக்கிட்டே பண்ற வேலை.

கிராங்க் புல்லி நடு போல்ட்டுல வந்து நின்னுது கதை. பதினஞ்சு வருஷம் உக்காந்த இடத்துல அப்படியே குடும்பம் நடத்திட்டு இருக்கு. அஞ்சாவது கியர்ல போட்டு மச்சான பிரேக்க மிதிக்க சொல்லி எல் ராடு போட்டு இழுத்தேன், ராடுதான் வளையுது. துருவுக்கு அடிக்கற ஸ்ப்ரேய அடிச்சு அர மணி நேரம் ஊற விட்டு, டீ குடிச்சு, மறுபடி இழுத்தேன், ம்ஹூம். கடைசில மொட்டை மாடில பழைய போர் மோட்டார் கழட்டுனப்ப விட்டுட்டுப் போன ஜிஐ பைப்பு ஒண்ணு நாலடி நீளத்துல கெடந்துச்சு, அத ராடுல சொருவி முழு வெயிட்டையும் போட்டு அழுத்துனேன். "டொக்"னு ஒரு சத்தம். சத்தியமா சொல்றேன், ராடு ஒடஞ்சு போச்சுன்னுதான் நெனச்சேன், மச்சான் உள்ள இருந்து "மாமா, கை இருக்கா?"ங்கறான். போல்ட்டு விட்டுக் குடுத்துருச்சு. இந்த ஒரு போல்ட்டுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம். நீளமான ராடோ பைப்போ இல்லாம இந்த வேலைல இறங்காதீங்க, போல்ட்டுல ராட மாட்டிட்டு சாவிய திருப்பி ஸ்டார்ட்டர் வேகத்துல கழட்டுற வித்தையும் வேணாம், கை போயிரும்.

இன்ஜின் அடில மரக்கட்ட குடுத்து ஜாக்கில தாங்கி, அந்தப் பக்கம் இன்ஜின தாங்குற மவுண்ட்ட கழட்டி, கவர எடுத்தா பழைய பெல்ட்டு தரிசனம். பாக்க மோசமா இல்ல, ஆனா கழட்டி முதுகுப் பக்கமா மடக்குனா பல்லு வேர்ல மயிரிழை மாதிரி விரிசல், ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா. பழைய டென்ஷனர கைல வச்சு சுத்துனா கரகரன்னு மண்ணு அரைக்குது. புதுசு சத்தமே இல்லாம வழுக்கிக்கிட்டு ஒரே சீரா சுத்துது. வெறும் பெல்ட்ட மட்டும் மாத்தி டென்ஷனர விட்டுட்டு காசு மிச்சம்னு சொல்றவங்களுக்கு இத காட்டணும், அந்த பேரிங் ஒரு நாள் இறுகிடுச்சுன்னா புது பெல்ட்டும் சேந்துதான் போகும். அந்த வகைல இந்த கிட்டு வாங்குனது சரியான முடிவு.

பழசையும் புதுசையும் தரைல பக்கத்துல பக்கத்துல வச்சு பல்லு எண்ணுனேன், ரெண்டு தடவ, சரியா இருந்துச்சு. அகலமும் ஒண்ணுதான்.

கிராங்க் பல்சக்கரத்துக்குப் பின்னாடி டார்ச் அடிச்சு பாத்தா, ஆயில் சீல சுத்தி கறுப்பா ஈரம். தரைல ஒரு சொட்டு கூட விழல, அதான் லீக் இல்லன்னு நெனச்சிருந்தேன், ஆனா உள்ள மெதுவா கசிஞ்சு அழுக்கோட சேந்து பசை மாதிரி ஆயிருக்கு. ஆயிலு பட்டா பெல்ட்டு ரப்பர் ஊறி கெட்டுப் போயிரும், புது பெல்ட்ட அதுக்கு மேல மாட்டுறது புதுச் சட்டையப் போட்டுக்கிட்டு சேத்துல உக்கார்ற கதை. ஞாயித்துக்கிழம, ஜி.பி. ரோட்டுல ஷட்டரு. கடை பெரியவரோட சிரிப்பு அப்பதான் எனக்கு வெளங்குச்சு.

திங்கக்கிழம ஆபீசுக்கு அர நாள் லீவு சொல்லிட்டு பஸ்ஸுல போனேன். அவரு என்ன பாத்ததும் ஒண்ணுமே கேக்கல, உள்ள திரும்பி "டேய், சான்ட்ரோ சீலு ரெண்டு எடு"ன்னாரு. 260 ரூபா. அதுக்கு அர நாள் சம்பளம்.

சீல மாத்திட்டு பெல்ட்ட மாட்டுறதுல இன்னொரு கூத்து. கேம் புல்லி குறி ஹெட்ல இருக்க குறிக்கு நேரா நிக்கணும், கிராங்க் குறி ஆயில் பம்ப் பக்கம் இருக்க குறிக்கு நேரா நிக்கணும், கழட்டறதுக்கு முன்னாடியே வீட்டம்மா நெயில் பாலிஷால நான் கூடுதலா புள்ளி வேற வச்சிருந்தேன். எல்லாம் நேரா இருக்குன்னு மாட்டி, டென்ஷனர் ஸ்பிரிங்க விட்டு, ஓடுற திசைலயே கையால ரெண்டு சுத்து சுத்திப் பாத்தா கேம் ஒரு பல்லு தள்ளி நிக்குது. தப்பு என்னுது. டென்ஷனர் இல்லாத பக்கம் பெல்ட்டு விறைப்பா வரணும், தொய்வு எல்லாம் டென்ஷனர் பக்கம் போகணும், நான் தொய்வ தப்பான பக்கம் விட்டுட்டேன், ஸ்பிரிங் இழுத்ததும் ஒரு பல்லு நகந்துருச்சு. மறுபடி கழட்டி மாட்டுனேன், ரெண்டாவது தடவ கச்சிதம். இந்த ரெண்டு சுத்து கைச் சோதனைய மட்டும் யாரும் விட்றாதீங்க. சுத்தும்போது எங்கயாவது கெட்டியா இடிச்சா அங்கயே நிறுத்துங்க, பலம் காட்டாதீங்க, அது வால்வு.

கிட்டு பத்தி குறைன்னா மூணு சொல்வேன். டென்ஷனர் ஸ்பிரிங் கிடையாது, பழசையேதான் போடணும். சீலு கிடையாது, அத டப்பா மேலயாவது ஒரு வரி போட்டிருக்கலாம். உள்ள ஒரு துண்டுப் பேப்பரு இருக்கு, எட்டு பாஷைல "பெல்ட்ட மடக்காதீர்"னு போட்டிருக்கு, எந்த போல்ட்டுக்கு எவ்ளோ இறுக்கம்னு ஒரு பாஷைலயும் இல்ல. அந்த டார்க் கணக்குக்கு ஒர்க்‌ஷாப் மேனுவல தேடித்தான் எடுத்தேன், டார்க் ரெஞ்சு தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன்கிட்ட கடன்.

ஸ்டார்ட் பண்ணறப்ப கை நடுங்குனது உண்மை. ஒரே கிராங்குல புடிச்சுது, ஐடில்ல ஆட்டம் இல்ல. இப்ப மூணு மாசம் ஆச்சு, திருவண்ணாமலை ஒரு தடவ, திண்டிவனம் ரெண்டு தடவ போயிட்டு வந்தாச்சு, மொத்தம் 1,400 கிலோமீட்டர். போன வாரம் மேல் கவர கழட்டி பாத்தேன், பெல்ட்டு ஓரத்துல பிசிறு இல்ல, ஆயில் ஈரமும் இல்ல. முன்னாடி காலைல ஸ்டார்ட் பண்ணா வர்ற ஒரு சன்னமான ஊளைச் சத்தம், அது ஏசி சத்தம்னு இத்தன வருஷம் நெனச்சிட்டு இருந்தோம், அது இப்ப இல்ல.

மொத்த செலவு கிட்டு 1,850, சீலு 260, ஸ்ப்ரே, டீ, பஸ்ஸு எல்லாம் சேத்து 2,400 கிட்ட. மிச்சம் 3,000 ரூபான்னு பீத்திக்கலாம், ஆனா ஒன்றரை நாள் வண்டி ஒரு வீலு இல்லாம நின்னுது, அபார்ட்மெண்ட் செகரட்டரி மூணு தடவ வந்து எட்டிப் பாத்துட்டுப் போனாரு. முதல் தடவ ஸ்பானர் புடிக்கறவங்க இதுல ஆரம்பிக்காதீங்க, ஆயில் மாத்தி, பிரேக் பேடு மாத்தி கை பழகுனதுக்கு அப்புறம் வாங்க. கிட்டுக்கு நாலு ஸ்டார். கடைக்கு அஞ்சு.

பழைய பெல்ட்ட தூக்கிப் போட அப்பா விடல. பால்கனில சாஞ்சு கெடந்த செம்பருத்திய கம்பியோட சேத்து அதுலதான் கட்டி வச்சிருக்காரு, "பாரு, எவ்ளோ ஸ்ட்ராங்கா இருக்கு, இதப் போயி மாத்துனான்"னு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டு இருக்காரு.