முத்திரை இல்லாத 'காஸ்கின்' பதக்கம்: பணம் கட்டும் முன் பின்பக்கத்தைக் கேளுங்கள்

கைவேலையைப் போற்றிய பிரிட்டனின் 'ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்' இயக்கக் காலத்து நகைகளை ஆன்லைனில் வாங்குவோர் கவனத்துக்கு. "ஆர்தர், ஜார்ஜி காஸ்கின் வேலை, சுமார் 1905, முத்திரை இல்லை, வெள்ளி, சந்திரகாந்தக் கல்" என்று சொல்லி 420 பவுண்டுக்கு விற்கப்பட்ட பதக்கம், அண்மையில் செய்த வார்ப்பு. விற்றவர் ஒரு பிரிட்டிஷ் வியாபாரி. திருப்பிக் கொடுக்கப் போனால், "முத்திரை இல்லாத பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது" என்று கைவிரித்துவிட்டார்.

இந்தப் பேச்சு எடுபடக் காரணம், அந்தக் காலக் கைவினைஞர்கள் பலர் தங்கள் பெயர் முத்திரை குத்தாமலே நகையை விற்றதுதான். 1899இல் நகை செய்யத் தொடங்கிய காஸ்கின் தம்பதியின் வேலையிலும் பெயர் இல்லாதவை நிறைய. 1903இல் ஆர்தர் பர்மிங்ஹாம் விட்டோரியா தெரு நகைப் பள்ளியின் தலைவரானார். அங்கே படித்தவர்களும் அதே பாணியில் செய்தார்கள். அதனால் அசல் பழைய நகையையே 'காஸ்கின்' என்று அடித்துச் சொல்வது கடினம். ஆதாரம் காட்டாமல் பெயரை மட்டும் போடும் விற்பனையாளரை அங்கேயே சந்தேகிக்க வேண்டும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் கண்ணாடியில் அந்தப் பதக்கத்தில் தெரிந்தது இது. கையால் செய்திருந்தால் இலைகள் தனித்தனியாக வெட்டி, கம்பிக் கொடியின் மேல் பற்றாசு வைத்து ஊதப்பட்டிருக்கும். இலைக்கு அடியில் இடுக்கும் நிழலும் இருக்கும். ரவை மணிகள் (அலங்காரத்துக்கு ஒட்டும் சிறு உருண்டைகள்) ஒவ்வொன்றும் முழு உருண்டையாக, அடியில் மட்டும் ஒட்டி நிற்கும். இதில் மணிகள் தகட்டோடு கரைந்து வெறும் மேடுகளாக இருந்தன. பின்பக்கம் முழுக்க ஊசிமுனைக் குழிகள். நான்கு இலைகளிலும் ஒரே இடத்தில் ஒரே கீறல், அதாவது ஒரே அச்சில் வார்த்தவை. (ஒரே மாதிரியான பாகங்கள் மட்டும் போலிக்குச் சான்றல்ல: லண்டனின் லிபர்ட்டி கடை 'சிம்ரிக்' என்ற பெயரில் விற்ற வெள்ளி நகைகளில் அச்சில் அடித்தவை உண்டு. ஆனால் அடித்த தகடு மெல்லியது, குழி இருக்காது.)

வெள்ளியில் படியும் கறுப்பு எல்லா இடுக்கிலும் ஒரே சீராக இருந்தது, ரசாயனத்தில் முக்கியதால். நூறு வருஷம் தொங்கிய நகையில் இணைப்பு வளையங்களின் உள்விளிம்பு தேய்ந்திருக்கும். இதில் கூர்மை போகவே இல்லை. சங்கிலியில் இக்காலத்து லாப்ஸ்டர் கொக்கி. சங்கிலியைப் பின்னாளில் மாற்றியிருக்கலாம் என்பதால் இது தனியாக எதையும் நிரூபிக்காது.

கல்லும் பொய். அசல் சந்திரகாந்தத்தில் நீல ஒளி கல்லைத் திருப்பத் திருப்ப நகரும். இந்தக் கல் கறுப்புத் துணியில் நீலமாகவும், விளக்குக்கு எதிரே பிடித்தால் ஆரஞ்சாகவும் தெரிந்தது. உள்ளே காற்றுக் குமிழிகள். ஓபலைட் என்ற செயற்கைக் கண்ணாடி.

வெள்ளி மட்டும் உண்மை. ஆனால் எக்ஸ்-கதிர் சோதனையில் 925 (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) என்று வந்தாலும் வயது தெரியாது. அதைச் சான்றாக நீட்டுவோரிடம் இதைச் சொல்லுங்கள்.

பேரம் பேசும் முன்பே பின்பக்கம், பக்கவாட்டுத் தோற்றம், கொக்கி, ரவை மணிகள் ஆகியவற்றின் நெருக்கப் படங்களையும் எடையையும் கேளுங்கள். முன்பக்கப் படம் மட்டும் அனுப்பினால் விட்டுவிடுங்கள். 'காஸ்கின் வேலை', 'காஸ்கின் பாணி', 'காஸ்கினுடையதாகக் கருதப்படுவது' மூன்றும் வேறு வேறு. விளம்பரத்தை அப்படியே படமெடுத்து வையுங்கள்.

பிரிட்டனில் இருப்போர், ஆன்லைனில் வியாபாரியிடம் வாங்கியிருந்தால், பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். அது கடந்தாலும், விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லை என்று பணம் கேட்க வழி உண்டு. இன்னொரு பிடியும் இருக்கிறது: 7.78 கிராமுக்கு மேற்பட்ட பொருளை ஹால்மார்க் (தர முத்திரை) இல்லாமல் வெள்ளி என்று விற்க அங்கே தடை. 1950க்கு முன் செய்தது என்று விற்பவர் நிரூபித்தால்தான் விலக்கு. இந்தப் பதக்கம் 14 கிராம். எழுதிக் கேட்கும்போது எடையையும் இந்த விதியையும் முதல் வரியிலேயே போடுங்கள்.