மலை மரதன் பக்கேஜ் எண்டு காசு கேட்டா குடுக்காதேங்கோ, என்ர 38,500 போச்சு

நுவரெலியாவில இருந்து நேற்று இரவுதான் வந்து சேர்ந்தனான். நித்திரை இல்லை, கை நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ. ரெண்டு நாள் போனா வெக்கத்தில எழுதாமல் விட்டிடுவன், அதுதான் இப்பவே எழுதிறன்.

மலைநாட்டில நடக்கிற ஓட்டப் போட்டியளுக்கு ஆக்களைப் பதிஞ்சு, வான் பிடிச்சு, தங்க அறையும் எடுத்துத் தாறம் எண்டு ஒன்லைனில விளம்பரம் போடுற ஒரு பக்கத்திட்ட 38,500 ரூபா கட்டி ஏமாந்து நிக்கிறன். விடிய என்னோட ஓடுற ரெண்டு அக்காமாரும் ஆளுக்கு 38,500 கட்டினவை. அவை அந்தப் பக்கத்தில எங்களோட கதைச்ச பெடியனோட ஒரு வார்த்தை கதைக்கேல்லை, நான்தான் கதைச்சனான், நான் நல்ல இடம் எண்டு சொன்னதை நம்பித்தான் கட்டினவை. காசை விட இதுதான் என்னைப் போட்டு அரிக்குது.

நாங்கள் பெரிய ஓட்டக்காரர் இல்லை. பள்ளிக்கூடம், வீடு, சமையல் எல்லாத்துக்கும் முதல் விடிய நாலரைக்கு எழும்பி பண்ணைப் பாலத்தால ஓடுற ஆக்கள். சமதரையில 21.1 கிலோமீற்றரை மூண்டு தரம் முடிச்சிட்டம், ஆனா மலைக்கு யாழ்ப்பாணத்தில எங்க போறது, கீரிமலைக்கும் பேரிலதான் மலை. அதால கோட்டை மதிலுக்கு ஏறுற சரிவில இருவது தரம் மேலையும் கீழையும், சோளகம் அடிக்கிற நாளில பாலத்தில காத்துக்கு எதிரா, இப்பிடி ஐஞ்சு மாசம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்க காத்தழுத்தம் எங்கட ஊரில இருக்கிறதில ஐஞ்சில நாலு பங்குதான், இஞ்ச ஓடுற வேகத்தில அங்க வெளிக்கிட்டா முதல் ஏத்தத்திலயே மூச்சு முட்டும். ஏத்தத்தை விட இறக்கம்தான் தொடையைப் பதம் பாக்கும் எண்டு ஸ்டேடியப் படியில இறங்கி இறங்கியும் பழகினனாங்கள். தேயிலைத் தோட்டத்துக்குள்ளால, பனிப்புகாருக்க ஒருக்கா ஓடிப் பாக்கவேணும். அவ்வளவுதான் ஆசை.

நேரடியாப் பதிஞ்சிருக்கலாமே எண்டு கேப்பியள். மூண்டு பொம்பிளையள், இரவுப் பயணம், தெரியாத ஊர், வீட்டில விடவேணுமே. அதை நான் கேட்டதும் அந்தப் பெடியன் வாய்ஸ் அனுப்பினான், "அக்கா நானும் யாழ்ப்பாணம்தான், யோசிக்காதேங்கோ, என்ர அம்மாவைக் கூட்டிக்கொண்டு போற மாதிரிக் கூட்டிக்கொண்டு போவன்" எண்டு. எங்கட கதை, எங்கட இழுவை. அதோட விட்டவனோ, ஏத்தத்தில காலடியைச் சின்னனா வையுங்கோ, மூச்சு வாங்கினா நடவுங்கோ அது வெக்கமில்லை, விடியக் குளிரும் கையுறை கொண்டு வாங்கோ எண்டு கால் மணித்தியாலம் சொல்லித் தந்தவன். சொன்னது ஒண்டும் பிழையில்லை! ஓடத் தெரிஞ்ச ஒருத்தன் ஓடுற ஆக்களை ஏமாத்துவானோ எண்டு நினைச்சன். அண்டைக்கு இரவே 38,500 ஐயும் மாத்திவிட்டன், கம்பனிப் பேரிலயும் இல்லை, ஒரு தனி ஆளின்ர கணக்குக்கு. அடுத்த நாள் எங்கட பேர் போட்ட றிசீற்றும் ஓட்ட நம்பரும் படமா வந்துது. நான் அதை வீட்டில எல்லாருக்கும் காட்டினனான்.

வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு முற்றவெளியில வான் நிக்கும் எண்டவன். ஒன்பதே முக்கால் வரைக்கும் பையோட றோட்டில நிண்டனாங்கள். "அக்கா வான் கிளிநொச்சியில பழுதாப்போச்சு, நீங்கள் பஸ்ஸில ஏறுங்கோ, காசைத் திருப்பித் தாறன்." ஏறினம். கண்டியில இறங்கி, இன்னொரு பஸ்ஸில றம்பொடை வளைவெல்லாம் சத்தி எடுத்துக்கொண்டு போய்ச் சேந்தா, அறை எண்டு சொன்ன இடத்தில எங்கட பேரில ஒண்டும் இல்லை. சரி எண்டு கைக்காசில வேற அறை எடுத்தம். நம்பர் குடுக்கிற மேசையில இருந்த பிள்ளை மூண்டு தரம் பட்டியலைத் தேடிப் பாத்துது. பேர் இல்லை. படத்தில இருந்த நம்பர் வேற ஒரு ஆளின்ர நம்பர், அவர் எங்களுக்கு முன்னாலதான் வாங்கிக்கொண்டு போனவர். பதிவு மூடி ரெண்டு கிழமையாம், அப்ப அவன் காசு வாங்கேக்கையே மூடிப்போட்டாங்கள். அந்தப் பிள்ளையில பிழையில்லை, அதுக்கும் கண் கலங்கிப்போச்சு.

கோல் எடுத்தன். "சேர்வர் பிரச்சினை அக்கா, விடிய வாங்கோ ஓடலாம்." விடிய ஐஞ்சரைக்கு சப்பாத்தைக் கட்டிக்கொண்டு, அவன் சொல்லி வாங்கின கையுறையையும் போட்டுக்கொண்டு அந்தக் குளிருக்க போய் நிண்டம். ஃபோன் எடுக்கேல்லை. எல்லாரும் ஓடிப் போனாப் பிறகும் அங்கயே நிண்டனாங்கள்.

ஞாயிறு பின்னேரம் ஒரு மெசேஜ், கணக்குப் பாக்கிறவர் லீவாம், ஏழு வேலைநாளாம். நான் 38,500 உம் பஸ் காசும் அறைக் காசும் வேணும் எண்டு எழுத, "நீங்கள் வானுக்கு வரேல்லை, வராத ஆக்களுக்குக் காசு திருப்பித் தாறதில்லை" எண்டு பதில். வராதது நாங்களாம்! திருப்பிக் கேக்க அக்கா எண்ட சொல்லும் போச்சு, "மேடம், எங்கட நிபந்தனையை வாசியுங்கோ" எண்டு. இப்ப என்னை புளொக் பண்ணியாச்சு, மற்ற ரெண்டு பேரையும் கூட. பக்கத்தில அடுத்த ஓட்டத்துக்கு விளம்பரம் ஓடுது, அதுக்குக் கீழ நான் எழுதினதை பத்து நிமிசத்தில அழிச்சுப்போட்டாங்கள்.

38,500 எண்டது எனக்கு நாலு மாச ரியூசன் காசு.

என்ன செய்யவேணும் எண்டு விபரமா எழுத நினைச்சன், இப்ப ஏலாது. தனி ஆளின்ர கணக்குக்கு ஒரு சதமும் போடாதேங்கோ. ஓட்டம் நடத்திற ஆக்களிட்ட நேரடியாக் கேட்டு உங்கட பேர் பட்டியலில இருக்கோ எண்டு பாத்திட்டு வெளிக்கிடுங்கோ, படத்தை நம்பாதேங்கோ. எங்கட ஊர்ப் பெடியன் எண்டு இளகிப்போகாதேங்கோ. வாய்ஸ், சிலிப் ஒண்டையும் அழிக்காதேங்கோ. பாவனையாளர் அதிகாரசபையின்ர நம்பர் 1977, நான் இனித்தான் எடுக்கப்போறன்.

மூண்டு பேரின்ர சிலிப்பையும் பிறின்ற் எடுத்து வைச்சிருக்கிறன். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லியாச்சு, ஒன்பது மணிக்கு பொலிசுக்குப் போறம்.