டபிள்யூஆர்எக்ஸுக்கு எந்த இன்டேக்? குழாயை விடுங்கள், முதலில் மாஃப் சென்சார்

சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் வாங்கியவர்களில் முதல் மாதமே பானட்டைத் திறந்து எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் ஏர் பாக்ஸை முறைக்காதவர்கள் குறைவு. 2015 முதல் 2021 வரை வந்த மாடலைச் சொல்கிறேன்: 2.0 லிட்டர் எஃப்ஏ20டிஐடி எஞ்சின், 268 குதிரைத்திறன், பானட்டில் மூக்கு மாதிரி ஒரு ஸ்கூப். நானும் முறைத்தேன். பிறகு பழைய சாமான் விலையில் அந்தப் பாக்ஸுக்குப் பதிலாக மாட்டும் ஒரு கூம்பு ஃபில்டர் இன்டேக் (காற்றுக் குழாயும் ஃபில்டரும்) கிடைத்தது, ஒரு சனிக்கிழமை மதியம் நானே மாட்டினேன். சத்தம் அபாரம். மூன்றாம் நாள் செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. கோட் பி0171, அதாவது கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு.

அந்த இன்டேக்கில் எந்தப் பழுதும் இல்லை. எஞ்சின் கணினியான இசியுவில் உள்ள கணக்கை, அதாவது டியூனை, மாற்றாமல் அதை மாட்டியதுதான் தப்பு.

இந்தக் காரில் காற்றை அளப்பது மாஃப் சென்சார். குழாயின் நடுவில் சூடான ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது, ஓடும் காற்று அதைக் குளிர்விக்கிறது. அதைச் சூடாகவே வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று பார்த்து, விநாடிக்கு இத்தனை கிராம் காற்று உள்ளே போகிறது என்று இசியு கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு கம்பெனிக் குழாயின் விட்டத்துக்கு எழுதியது. குழாய் அகலமானால் அதே காற்று மெதுவாக ஓடும், கம்பி அவ்வளவாகக் குளிராது, இசியு காற்று குறைந்துவிட்டது என்று நினைத்துப் பெட்ரோலையும் குறைத்துவிடும். உதாரணத்துக்கு, 70 மில்லிமீட்டர் குழாய் 76 ஆனால் பரப்பு 18 சதவீதம் கூடுகிறது, காற்றின் வேகம் 15 சதவீதம் குறைகிறது. வெறும் ஆறு மில்லிமீட்டருக்கு இவ்வளவு.

நிதானமாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் இந்தத் தவறைக் கண்டுபிடித்துத் திருத்தப் பார்க்கும். அந்தத் திருத்தத்துக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லை தாண்டினால் விளக்கு எரியும். விளக்கு எரியாமல் போவதுதான் இன்னும் ஆபத்து, ஏனென்றால் முழு பூஸ்டில் (டர்போ காற்றை முழு அழுத்தத்தில் திணிக்கும்போது) கலவை லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாக, ஓடினால் நாக் வரும், கலவை தானாக வெடித்துத் தட்டும். பிஸ்டன் வளையங்களுக்கு நடுவே இருக்கும் ரிங்லேண்ட் உடைவது சுபாரு டர்போ ஓட்டுபவர்களுக்குக் கேட்டுப் பழகிய சமாச்சாரம்.

ஆகவே இதை நான் கம்பெனி வாரியாக ஒப்பிடப் போவதில்லை. டியூன் வேண்டாதது, டியூன் இல்லாமல் தொடக்கூடாதது, "டியூன் வேண்டாம்" என்று சொல்லி விற்பது என்று மூன்றாகப் பிரிப்பதுதான் சரி.

டியூன் வேண்டாதது, ஏர் பாக்ஸை அப்படியே வைத்துவிட்டு உள்ளே பேனல் ஃபில்டரை மட்டும் மாற்றுவது. மாஃப் குழாயில் கை வைப்பதில்லை, அதனால் கணக்கும் கெடாது. பத்து நிமிட வேலை. பவர் கூடுமா என்றால், கூடினாலும் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. இங்கே தேர்வு எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரா, உலர் ஃபில்டரா என்பதுதான். கே அண்ட் என் கம்பெனி 1969இல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் தொடங்கியது, எண்ணெய்ப் பருத்தி என்றாலே இன்றும் அந்தப் பெயர்தான் முதலில் வரும். ஃபில்டர் நல்லதுதான். கழுவிய பிறகு நாம்தான் தாராளமாக எண்ணெயை ஊற்றிவிடுகிறோம், மிஞ்சியது மாஃப் கம்பியில் போய்ப் படிகிறது. என் கை பற்றி எனக்குத் தெரியும், அதனால் உலர் ஃபில்டர். ஏஇஎம்மின் டிரைஃப்ளோ போன்றவை அந்த வகை.

டியூன் இல்லாமல் தொடக்கூடாதது, கோப் என்ற கம்பெனியின் எஸ்எஃப் இன்டேக் மாதிரியானவை. குட்டையான குழாய், அதன் முனையில் பெரிய கூம்பு, வேண்டுமானால் அதைச் சுற்றி ஒரு பெட்டி. கோப்பிடம் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: இதை மாட்டினால் மேப்பையும் (இசியுவில் ஏற்றும் டியூன்) மாற்று என்று சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறார்கள், தங்கள் இன்டேக்குக்கென்றே, டியூன் ஏற்றும் கருவியான அக்சஸ்போர்ட்டில் ரெடி மேப்பும் வைத்திருக்கிறார்கள். செலவுதான் இடிக்கும். இன்டேக் விலையைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பவர் அக்சஸ்போர்ட்டின் விலையையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்க வேண்டும், பாதிக்கு மேல் அதுதான். அக்சஸ்போர்ட் ஏற்கெனவே கையில் இருந்தால் பேச்சே வேறு.

அந்தப் பெட்டியை வாங்க வேண்டுமா? வாங்குங்கள், ஆனால் பலர் சொல்லும் காரணத்துக்காக அல்ல. "சூடான காற்று பவரைத் தின்றுவிடும்" என்பது டர்போ இல்லாத காருக்குச் சரியாகப் பொருந்தும். டர்போவில், காற்றை 2.1 மடங்கு அழுத்தும்போதே 27 டிகிரியில் உள்ளே போவது சுமார் 130 டிகிரியில் வெளியே வருகிறது (கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால்). பிறகு இன்டர்கூலர்தான் அதைத் தணிக்கிறது. உள்ளே போகும் காற்று பத்து டிகிரி சூடாக இருந்தால் வெளியே வருவது பதின்மூன்று டிகிரி கூடுதலாக இருக்கும், அதிலும் பெரும்பகுதியை இன்டர்கூலர் பார்த்துக்கொள்ளும். ஓடும் காரில் பெரிய விஷயமில்லை. சிக்னலில் நின்று நின்று போகும் டிராஃபிக்கில்தான் பெட்டி இல்லாத கூம்பு எஞ்சின் சூட்டையே திரும்பத் திரும்பக் குடிக்கும், இந்தக் காரின் இன்டர்கூலரும் எஞ்சின் தலைமேலேயே உட்கார்ந்து வெந்துகொண்டிருக்கும்.

பெட்டிக்கு இன்னொரு பயனும் உண்டு: சென்சாருக்கு முன்னால் காற்று சலனமில்லாமல் வரும். திறந்த கூம்பில் ஃபில்டரைக் கொஞ்சம் திருப்பி மாட்டினாலே ஃப்யூயல் ட்ரிம் (இசியு பெட்ரோலில் செய்யும் திருத்தம்) மாறுவதைப் பார்த்திருக்கிறேன். வளைவுக்குப் பக்கத்திலேயே சென்சார் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

மூன்றாவது, "டியூன் வேண்டாம்" என்று விற்பவை. சில உண்மையிலேயே கம்பெனி விட்டத்துக்கு மிக அருகில் செய்தவை, ஓடும். எது அந்த ரகம் என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதை வைத்துச் சொல்ல முடியாது. மாட்டியபின் லாங் டேர்ம் ட்ரிம்மை, அதாவது அந்தத் திருத்தத்தின் நீண்டகாலச் சதவீதத்தைப் பாருங்கள். பிளஸ் ஐந்துக்குள் இருந்தால் நிம்மதி. என் கூம்பு பிளஸ் பதினாலு காட்டியது. கூடவே சுபாரு இசியுவில் டேம் என்று ஓர் எண் உண்டு, ஆரோக்கியமாக இருந்தால் அது 1. நாக் தொடர்ந்தால் அது இறங்கும், அப்போது இசியு பொறி விடும் டைமிங்கையும் சேர்த்துப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். காசு கொடுத்துப் பவரைக் குறைத்துக்கொண்ட கதைதான்.

இந்த மூன்றாவது வகையில் குழாயை நீட்டி ஃபெண்டருக்குள் இறக்கி வைப்பவையும் கிடைக்கின்றன. டொரொன்டோவில் இருந்துகொண்டு அதைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை. மார்ச் மாதம் உருகிய பனியும் உப்புத் தண்ணீரும் சாலையில் குட்டையாகத் தேங்கும். தாழ்ந்த ஃபில்டர் அதில் முழுகினால் எஞ்சின் தண்ணீரைக் குடிக்கும், தண்ணீரை அழுத்த முடியாது, கனெக்டிங் ராட் வளையும். மழையே பார்க்காத ஊர்க்காரர் யோசிக்கலாம்.

சரி, இவ்வளவு செய்தால் பவர் எவ்வளவு வரும்? கம்பெனி மேப்பில் மிகக் குறைவு, காரணம் எளிது. இசியு ஒரு பூஸ்ட் இலக்கை வைத்துக்கொண்டு வேஸ்ட்கேட்டை (புகையை டர்போவுக்குள் போகாமல் திருப்பிவிடும் கதவை) திறந்து மூடுகிறது. ஃபில்டரும் குழாயும் சேர்ந்து 3 கிலோபாஸ்கலை விழுங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். 210 கிலோபாஸ்கலை எட்ட டர்போ காற்றை 2.08 மடங்கு அழுத்துவதற்குப் பதில் 2.14 மடங்கு அழுத்தும், அவ்வளவுதான். இலக்கை எட்டிவிடும். தடை குறைந்தால் டர்போவுக்குச் சுமை குறையும், பூஸ்ட் கொஞ்சம் சீக்கிரம் எழும், சிவப்புக் கோட்டுப் பக்கம் டர்போவுக்கு மூச்சு வாங்கும் இடத்தில் கொஞ்சம் கிடைக்கும். நிஜமான பவர் மேப்பில் இருக்கிறது, அதற்கு அடுத்தபடியாக ஜே-பைப்பில் (டர்போவுக்கு அடுத்து வரும் புகைக்குழாய்). அதிலும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் உள்ளதையே வாங்குங்கள், இல்லாதது சாலைக்குச் சட்டப்படி ஆகாது.

சத்தத்துக்காகத்தான் வாங்குகிறேன் என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலோர் அதற்குத்தான் வாங்குகிறோம், ஒத்துக்கொள்வதில்லை. ஆக்சிலரேட்டரை விட்டதும் வரும் அந்த "புஸ்ஸ்" என்ற மூச்சுக்கு, மிஞ்சிய அழுத்தக் காற்றை விடும் பைபாஸ் வால்வை வெளியே திறந்துவிட வேண்டியதில்லை. இந்தக் காரில் அது காற்றைத் திரும்ப மாஃபுக்குப் பின்னால்தான் விடுகிறது, அளந்த காற்று உள்ளேயே இருக்கிறது. கூம்பு மாட்டினாலே அந்தச் சத்தம் காதுக்கு வந்துவிடும். வால்வைத் திறந்துவிட்டால் கணக்கு மறுபக்கம் கெடும், பெட்ரோல் அதிகமாகிக் கறுப்புப் புகை வரும்.

ஆர்டர் போடும்முன் ஒன்று: அதே வருடங்களில் வந்த எஸ்டிஐயில் (டபிள்யூஆர்எக்ஸின் வேகமான அண்ணன்) இருப்பது 2.5 லிட்டர் இஜே257, 2022 மாடல் முதல் டபிள்யூஆர்எக்ஸில் 2.4 லிட்டர் எஃப்ஏ24. பெயரைப் பார்த்து வாங்காமல் எஞ்சினைப் பார்த்து வாங்குங்கள்.

இப்போது என் காரில் பழைய ஏர் பாக்ஸ், உள்ளே உலர் பேனல் ஃபில்டர், ஸ்டேஜ் 1 மேப். டேம் 1இலேயே நிற்கிறது. கூம்பு கராஜ் சுவரில் தொங்குகிறது. அடுத்த வருடம் ஜே-பைப் மாற்றினால் எப்படியும் புது டியூன் போட வேண்டும், அப்போது அதையும் இறக்கிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அதன் மாஃப் குழாயின் உள்விட்டத்தை அளந்து, மறக்காமல் இருக்க அதன் மேலேயே மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன்.